நானூறு முதுகுகள்

ஓஸ்டர்வார்ஃப்
18 செப்டம்பர் 1993

மாண்புமிகு பயிற்சிக் காவலர் இன்சா அக்காவின் திருச்சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று மாலை ஐந்து மணி பதினொரு நிமிடத்துக்கு, நம் வீட்டின் மூத்த குடிமகனும் நாற்பது ஆண்டுகள் இடைவிடாது தேநீர்ப் பணி ஆற்றியவருமான நீலப்பூக் குடுவையின் மூடி, சமையலறைத் தரையில் வீரமரணம் எய்தியது. அன்னார் ஏழு துண்டுகளாக மீட்கப்பட்டார். விசாரணையில் பூனை குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. பூனைக்கு வழக்கறிஞர் கிடையாது.

நிற்க. இனி நிற்பதுதான் நம் ஊருக்கே தொழில். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய பள்ளிக்கூடத்தில் போஸ்னியாவிலிருந்து வந்த இருபத்து மூன்று குடும்பங்கள் தங்கியிருப்பது உனக்குத் தெரியும். என் வகுப்பு செனாத் வீடு மாடியில், இடப்பக்கக் கடைசி ஜன்னல். ஆகஸ்டில் அங்கே சைக்கிள் கொட்டகைக்கு யாரோ தீ வைத்தார்கள். இப்போது 'அந்நியரே வெளியேறு' கூட்டம் நவம்பர் பதின்மூன்றாம் தேதி நம் ஊரில் ஊர்வலம் நடத்தப்போகிறதாம், அதுவும் அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாக. அவர்கள் செய்த ஒரே தப்பு, துண்டறிக்கையைத் தபாலில் அனுப்பியது. வீடு வீடாகப் போட வேண்டியவர் யார்? தபால்காரி கெஷே உபென். ஒன்றைப் படித்தார், சைக்கிளைத் திருப்பினார், மாவட்ட அலுவலகம் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த வாசலில் கூட்டம் நடத்த மனுக் கொடுத்துவிட்டார். முதலில் கேட்டவருக்குத்தான் இடம். அவர்களுடைய மனு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்ததாம்.

ஆனால் நிபந்தனை இருக்கிறது. பத்து மணி முதல் நான்கு மணிவரை நாங்கள் அமைதியாக நின்றால், ஊர்வலம் பள்ளிக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் அந்தக் கரையோடு போய்விடும். எங்கள் பக்கமிருந்து ஏதாவது ஒன்று பறந்தால் எங்கள் கூட்டம் கலைக்கப்படும். வாசல் அவர்களுக்கு.

அதனால் தீயணைப்பு நிலையத்தில் செவ்வாய்தோறும் பயிற்சி. கெஷே முதல் நாளே சொல்லிவிட்டார்: "நிக்கத் தெரியும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கீங்க. உங்க யாருக்கும் தெரியாது."

அம்மாவும் நானும் சேர்ந்துவிட்டோம். மணி விஷயத்தில் நீ இன்னும் கோபமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். நான் நம்பவில்லை.

உன் மணியான தம்பி,
டியார்க்

*

லெர்ஹன்ஃபெல்ட் முகாம்
26 செப்டம்பர்

டியார்க்,

பூனைக்கு வழக்கறிஞர் இல்லை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம். அதை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

அந்த நாளை நினைத்துப் பார்: இருநூறு பேர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறோம். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. என் காலடியில் இருந்த பையை யாரோ இடிக்க, அதன் அடித்தையலுக்குள் நீ தைத்து வைத்த மாட்டு மணி அடிக்கிறது. இன்றுவரை நான் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் "ம்ம்ம்மா" என்கிறான். குழுத் தலைவர் கூப்பிட்டுக் கேட்டார்: "யாரும்மா உங்க வீட்ல இந்த வேலையெல்லாம் பண்றது?" "தம்பி, சார்." "அவனையும் இந்த வேலைக்கு அனுப்பிடாதீங்க."

அந்த நாளுக்காக நான் இரண்டு வருடம் ஓடினேன், நீந்தினேன், படித்தேன். உனக்கு அது ஒரு வேடிக்கை.

பயிற்சிக்கு அம்மா போகட்டும். நீ போகாதே. உன்னால் நிற்க முடியாது. பள்ளியில் சேர்க்க உன்னைப் புகைப்படம் எடுத்தபோது மூன்று பேர் பிடித்துக்கொண்டோம், அப்போதும் படத்தில் உனக்கு இரண்டு மூக்கு. பதின்மூன்றாம் தேதி உன் கை ஒரு தடவை உயர்ந்தால் போதும். அடி உனக்கு விழாது, செனாத் வீட்டு வாசலில் விழும்.

இன்சா

*

ஓஸ்டர்வார்ஃப்
6 அக்டோபர்

அக்கா,

உன் தம்பிக்குப் பதவி கிடைத்திருக்கிறது. விவரம் பின்வருமாறு.

பயிற்சியில் பாதிப் பேர் நாங்களாக நிற்க வேண்டும், மீதிப் பேர் அவர்களாக வந்து திட்ட வேண்டும். திட்டை வாங்கி வாங்கித்தான் பழக்கமாகுமாம். சரி என்று தீயணைப்புத் தலைவர் டீர்க்ஸைத் திட்ட அனுப்பினார் கெஷே. எதிரே மருந்துக்கடை ஓன்கென். டீர்க்ஸ் தொண்டையைச் செருமினார், தொப்பியைக் கழற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நீங்க வந்து... ஒரு துரோகிங்க. என் மாத்திரைய சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

"டீர்க்ஸ்! மரியாதை வேண்டாம்!" என்று கெஷே கத்தினார்.

"இருபது வருஷமா மரியாதையாதானே பேசிக்கிட்டிருக்கோம், இப்ப எப்படிம்மா திடீர்னு?"

அடுத்தவர் அதைவிட மோசம். திட்டிவிட்டு, அடிபட்டதா என்று விசாரித்தார். நடுவில் தேநீர் வேளை வந்துவிட்டது. மூன்று கோப்பை குடிக்காமல் நம் ஊரில் யார் எழுந்திருப்பார்கள்? திட்டியவர்களும் திட்டு வாங்கியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சர்க்கரைக் கட்டி நகர்த்தினார்கள். கெஷே தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். மூச்சு விடாமல் நான்கு நிமிடம். டீர்க்ஸின் மீசையில் தொடங்கி ஓன்கென்னின் வழுக்கையில் இறங்கி, பாதிரியாரின் காலுறை நிறத்தில் முடித்தேன். "அப்பாடா, ஒருத்தனுக்காவது வாய் இருக்கு" என்றார் கெஷே. "பதினாறு வருஷமா எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

ஆக, வசைத்துறைக்கு நான் அமைச்சர். இசைத்துறை கலைக்கப்பட்டுவிட்டது. ஓன்கென் அன்று எல்லோரும் பாட வேண்டும் என்றார், ஒருவர் ஆட்சேபித்தாலும் முடிவில்லை என்பது கெஷேயின் விதி, இரண்டு செவ்வாய்கள் அதிலேயே போயின. கடைசியில் பாட்டுக்குழுக்காரர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள், சுருதி தப்பினால் எங்களுக்குள்ளேயே கைகலப்பு வருமாம். பாட்டு இல்லை, கோஷம் இல்லை. ஊர்வலம் போகும்போது அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கப்போகிறோம். முகத்தைக் காட்டினால் பதில் சொல்லத் தோன்றும். அதோடு, ஜன்னலில் நிற்கிற பிள்ளைகளுக்கு நம் முகம் தெரிய வேண்டும் அல்லவா?

இன்னும் சொல், என்னால் முடியாது என்று.

அமைச்சர் டியார்க்

*

லெர்ஹன்ஃபெல்ட் முகாம்
14 அக்டோபர்

அமைச்சரே,

திட்டுவதற்குத்தான் உனக்குப் பதவி. நிற்பதற்கு இல்லை. கவனித்தாயா?

எங்களுக்கும் இங்கே அதே பயிற்சிதான். பாதிப் பேர் கேடயத்தோடு நிற்க, மீதிப் பேர் கூட்டமாக வந்து எறிய வேண்டும். போன வாரம் நான் எறிகிற பக்கம். டென்னிஸ் பந்து, மரக்கட்டை, நனைந்த மூட்டை. முதல் கட்டையைக் கூச்சத்தோடு எறிந்தேன். ஐந்தாவதை ஓடிவந்து எறிந்தேன். யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்: சுகமாக இருந்தது. எதிரே கேடயத்துக்குப் பின்னால் நின்றவள் எனக்கு மேல்கட்டிலில் தூங்குகிற மைக்கே.

பிறகு இடம் மாறினோம். தலைக்கவசத்துக்குள் என் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. அவ்வளவு இரைச்சலிலும் யாரோ என் பெயரைச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. பெயர் சொல்லித் திட்டினால் எந்தக் கவசமும் தடுக்காது போல.

நீ யாரையெல்லாம் திட்டுகிறாயோ, அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்தாயா?

இன்சா

*

ஓஸ்டர்வார்ஃப்
27 அக்டோபர்

அக்கா,

இன்று நகைச்சுவைக்கு விடுமுறை. கொஞ்சம் கசிந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று என் எதிரே நர்ஸம்மா நின்றார். அல்முத் ஹார்ம்ஸ், நம் இருவருக்கும் அம்மை ஊசி போட்டவர். எனக்கு எல்லாச் சரக்கும் தீர்ந்துவிட்டது. மீசை, வழுக்கை, காலுறை எல்லாம் பழசு, எல்லோரும் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சிரித்தால் பயிற்சி ஆகாது என்று கெஷே முணுமுணுத்தார். அதனால் நான் அருகில் போய் அவர் காதோரம் சொன்னேன். அவருடைய மகன் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை என்று ஊரில் பேசுவார்களே, அதைச் சொன்னேன். "பெத்த புள்ளைக்கே உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல, நீ இங்க வந்து யாரைக் காப்பாத்தப் போற?"



அவர் அசையவில்லை அக்கா. கையைக் கட்டவில்லை, கண்ணை மூடவில்லை. சுவரில் மாட்டியிருந்த குழாய்ச் சுருளைப் பார்த்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கழுத்துக்குப் போயிற்று, அதைத் துடைக்கக்கூட இல்லை. மழையில் நிற்கிற குதிரையைப் பார்த்திருக்கிறாயே, அப்படி. நான் இதுவரை எத்தனையோ பேரைக் கத்தவும் துரத்தவும் வைத்திருக்கிறேன். ஒருவர்கூட இப்படி நின்று நான் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிதாக ஒரு மனிதருக்குள் இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கெஷே ஊதல் ஊதினார். முடிந்ததும் வேஷத்தைக் கழற்ற வேண்டும் என்பது விதி. எதிரே நின்றவருக்குக் கைகொடுத்து, 'நான் டியார்க், நான் அவன் இல்லை' என்று சொல்ல வேண்டும். இத்தனை வாரம் விளையாட்டுப்போல் சொல்லிவந்தேன். நேற்று என் கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

நர்ஸம்மாதான் என் கையைப் பிடித்தார். "இன்னும் சத்தமா சொல்லணும்டா டியார்க். அவங்க அன்னிக்குக் காதுல வந்து சொல்ல மாட்டாங்க." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

அமைச்சர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். நிற்கிற பக்கம் போகிறேன்.

மணிக்காக மன்னித்துக்கொள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

டியார்க்

*

லெர்ஹன்ஃபெல்ட் முகாம்
3 நவம்பர்

தம்பி,

மன்னித்தேன். இதை எழுத இரண்டு தாள் கிழிந்தது.

இன்று ஆணை வந்தது. பதின்மூன்றாம் தேதி எங்கள் குழு ஓஸ்டர்வார்ஃபுக்கு. சொந்த ஊர் என்று சொன்னேன். "நல்லதா போச்சு, சந்துபொந்து தெரியும்" என்றார் குழுத் தலைவர். சதுக்கத்தின் குறுக்கே நிற்போம். ஊர்வலம் எங்கள் முதுகுப் பக்கம், நீங்கள் எங்கள் முகத்துக்கு எதிரே. உங்களைக் கவனிப்பதுதான் என் வேலை.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எறிய ஒரு கை ஓங்கினால் நான் கத்திச் சொல்ல வேண்டும். சொன்ன அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியில் கலைந்து போகச் சொல்வார்கள். யார் கை என்று பார்த்துச் சொல்கிற சலுகை எனக்கு இல்லை. பார்த்தும் பேசாமல் இருந்தேன் என்று தெரிந்தால் இந்தச் சீருடை என்னிடம் இருக்காது. பேசினால் செனாத் வீட்டு வாசலை நானே திறந்துவிட்டவள் ஆவேன்.

உன்னை நம்புகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வீட்டிலேயே இருடா. கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்சா

*

ஓஸ்டர்வார்ஃப்
14 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள அக்கா,

வீட்டில் இருக்கவில்லை. மன்னித்துவிடு, ஆனால் கேள்.

முதலில் ஒரு பேரிடர். மாவட்ட அலுவலகம் கடைசி நேரத்தில் இன்னொரு நிபந்தனை போட்டது: கண்ணாடி, உலோகம், பீங்கான் எதுவும் சதுக்கத்துக்குள் வரக்கூடாது. அதாவது கோப்பை கூடாது. அட்டைக் கப்பில் தேநீர் என்றதும் ஊரே வெலவெலத்துப் போயிற்று. எதிர்ப்புக் கூட்டத்துக்கே எதிர்ப்புக் கூட்டம் நடந்திருக்கும். கடைசியில் என்ன முடிவு தெரியுமா? அட்டைக் கப்பில் குடிப்பதற்குக் குடிக்காமலே இருப்பது. ஆறு மணி நேரம், தேநீரே உயிரான நம் வட்டாரத்துக் கிழக்கு ஃப்ரீசியர்கள் நானூறு பேர், ஒரு சொட்டுத் தேநீர் இல்லாமல். வரலாற்றில் முதல்முறை.

இரண்டு மணிக்கு முரசு கேட்டது. கெஷே வெள்ளைக் கைப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்ப" என்றார். அவ்வளவுதான். நானூறு பேர் ஒன்றாகத் திரும்பினோம். காலணிச் சத்தம் ஒரே சத்தம். எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. எல்லோரும் தினமும் பார்க்கிறவர்கள், ஆள் மாற்றி ஆள் குறை சொல்கிறவர்கள். இவர்களுக்குள் இப்படி ஒன்று இருந்ததா?

பின்னால் இரைச்சல் வந்தது. நான் நாலு நிமிடம் திட்டியதெல்லாம் தாலாட்டு. எதிரே ஜன்னல்களில் பிள்ளைகள், பயத்தில் முகமெல்லாம் வெளுத்து. செனாத் தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஒரு பீர் டப்பா என் கழுத்தில் வந்து விழுந்தது. நான் இமைக்கவில்லை. கலங்கரை விளக்கம் மாதிரி நின்றேன். விளக்கமாவது விட்டுவிட்டுச் சிமிட்டும், நான் அதுவும் இல்லை. நின்றதோடு இல்லை, செனாத்தின் தங்கையைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டினேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நர்ஸம்மா கண்ணை மாறுகண்ணாக்கினார். ஓன்கென் மூக்கைத் தூக்கிப் பன்றி ஆனார். டீர்க்ஸ் மீசையை ஆட்டினார். வரிசை வரிசையாக அது பரவிற்று. சத்தம் இல்லை, ஒரு சொல் இல்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை சாக்கடையும் ஓடிக்கொண்டிருக்க, நானூறு பேர் பிள்ளைகளுக்குக் கோணல் மூஞ்சி காட்டிக்கொண்டு நின்றோம். மாடி முழுக்கச் சிரிப்பு. ஊர்வலம் போனதே தெரியவில்லை.

தொடங்கிவைத்தவன் உன் தம்பி. இப்போது சொல், என்னால் நிற்க முடியுமா, முடியாதா?

டியார்க்

*

லெர்ஹன்ஃபெல்ட் முகாம்
14 நவம்பர்

டியார்க்,

நேற்று ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வர முடியவில்லை. வண்டியிலேயே கூட்டி வந்து வண்டியிலேயே கொண்டுபோய்விட்டார்கள். உன் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் எதிரே நானூறு முதுகுகள். முகம் இல்லாமலே எனக்கு எல்லோரையும் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரரின் சாய்ந்த தோள், பாதிரியாரின் கூன், அம்மாவின் பழைய மழைச்சட்டை. என் பின்னால் கத்திய கத்தலில் தலைக்கவசம் அதிர்ந்தது. என் தலைக்கு மேலாக டப்பா பறந்தது, முட்டை பறந்தது. முதுகுகளில் பட்டு வழிந்தது. ஒன்றும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற மைக்கே மெதுவாகக் கேட்டாள்: "இவங்கல்லாம் யாருடி?" "எங்க ஊர்க்காரங்க" என்றேன். அதைச் சொல்லிவிட்டு இன்னும் நிமிர்ந்து நின்றேன். உறுதிமொழி எடுத்த நாளில்கூட அப்படி நிமிர்ந்ததில்லை.

ஒன்றும் திரும்பவில்லை என்று எழுதினேன். சரியில்லை. நானூறு முதுகுகள் என்பதும் சரியில்லை. நான் பார்த்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது முதுகுகள், ஒரு முகம்.

அந்த முகத்தின் கையில் ஒரு டப்பா இருந்தது. கை தோள்வரை வந்தது. நான் மூச்சை இழுத்துவிட்டேன், கத்துவதற்கு. அந்த மூச்சை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பறக்கவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியதும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். அறிக்கையில் 'எதுவும் எறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மை.

அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீ எழுதினால் படிப்பேன்.

இன்சா

*

ஓஸ்டர்வார்ஃப்
17 நவம்பர்

அக்கா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என் கடிதம் அந்தப் பக்கம் போகும்போது உன் கடிதத்தைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

டப்பா என் கழுத்தில் விழவில்லை. நர்ஸம்மாவின் முதுகில் விழுந்து என் காலடிக்கு உருண்டது. அவர் அசையவில்லை. நான்தான் குனிந்தேன். பின்னால் ஒருவன், "உங்களை உங்க புள்ளைங்களே மதிக்காது!" என்று கத்தினான். அதே மாதிரி வார்த்தை, அக்கா. நான் சொன்ன அதே ரகம். யார் அவன் என்று பார்க்கத்தான் திரும்பினேன். பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். முகமெல்லாம் பரு. குளிரில் மூக்கு ஒழுக, அவனுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவன் மூஞ்சியைக் குறிவைத்துத்தான் கையை ஓங்கினேன். நீ இருந்தது எனக்குத் தெரியவே இல்லை. செனாத்தும் நினைவில் இல்லை.

அப்போது என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை வந்தது. நர்ஸம்மா தலையைத் திருப்பவில்லை. ஊசி போட்டு முடித்துப் பஞ்சு கேட்பதுபோல் கையை மட்டும் நீட்டினார்.

பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததும் நான் இல்லை. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தபோது எல்லோரும் ஏற்கெனவே கோணல் மூஞ்சியோடு நின்றார்கள். தொடங்கியது அவர்தான், ஒரு கையை எனக்கு நீட்டிக்கொண்டே. அந்தச் சதுக்கத்தில் அதன் தொடக்கத்தைப் பார்க்காத ஒரே ஆள் உன் தம்பி. என் கன்னத்தை உப்பத்தான் பார்த்தேன். உதடு நடுங்கிய நடுக்கத்தில் காற்று நிற்கவில்லை.

அம்மா எனக்கு நேர் பின்வரிசையில்தான் நின்றாள். எல்லாம் பார்த்திருக்கிறாள். நாலு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

ஆக, வரலாற்றில் பதியத்தக்க என் வீரச்செயல் ஒன்றே ஒன்று: அந்த டப்பாவை அவர் கையில் வைத்தேன். அதையும், அவர் இரண்டாம் முறை விரலை ஆட்டிய பிறகுதான்.

டியார்க்